ஐந்தாம் உறுப்புரையும் இருபத்தைந்து பெயர்களும்

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய இடங்களில் லொட்ஜ் எனப்படும் விடுதிகளின் கதவுகளைப் பொலிஸார் தட்டினர். உரிய காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருப்பதாகக் கூறி, வடக்கு, கிழக்கைச் சேர்ந்த தமிழர்கள் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டனர். வெளிநாடு செல்வதற்காகக் காத்திருந்தவர்களும், மருத்துவ சிகிச்சைக்காக வந்தவர்களும், வேலை தேடி வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். 376 பேர் இவ்வாறு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். வெள்ளவத்தைக்கு அயலிலுள்ள ஹெவ்லொக் டவுனில் வசிப்போருக்கு அந்தக் காலைப் பொழுது இன்னும் மறக்கவில்லை. சொந்த வீட்டிலிருந்தவர்கள் கூட அன்று தமது பொலிஸ் பதிவுப் பத்திரங்களைத் தேடியெடுத்து மேசை மீது வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர், 1990 ஒக்டோபரில், வட மாகாணத்தின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஊரைவிட்டு வெளியேற்றினர். யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஏறத்தாழ 75,000 பேர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணை இழந்து புத்தளத்திலும் பிற இடங்களிலும் ஏதிலிகளாயினர். ஒன்றைச் செய்தது அரசு. மற்றையதைச் செய்தது அரசுக்கு எதிராக ஆயுதமேந்திய இயக்கம். இரண்டையும் ஒரே தராசில் இடுவது நமது நோக்கமன்று. ஆயினும் இரண்டு வேளைகளிலும் மக்களுக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: இது உங்கள் இடமல்ல, உங்கள் இடம் வேறெங்கோ இருக்கிறது.

ஒரு நாட்டின் நிலம் எது, அது எவ்வெவ் பகுதிகளால் ஆனது என்பதை அரசியலமைப்பு எவ்வாறு வரையறுக்கிறது என்ற கேள்வி சட்டக் கல்லூரி மாணவருக்கு மட்டுமுரிய வறட்டுக் கேள்வியாகப் பலருக்குத் தோன்றக்கூடும். இந்நாட்டுத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அது அவ்வாறானதல்ல. புதிய அரசியலமைப்பு பற்றிய பேச்சு மீண்டும் எழுந்துள்ள நிலையில், ஒற்றையாட்சி, சமஷ்டி என்ற இரு சொற்களைச் சுற்றியே விவாதம் முழுவதும் நடைபெறுவது நமக்குக் கவலையளிக்கிறது. மண்ணின் மீது கோடு கிழிக்கும் அதிகாரம் எவரிடம் இருக்கிறது என்பதை அநேகர் கவனிப்பதில்லை.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரை இலங்கைக் குடியரசு ஒற்றையாட்சி அரசு என்கிறது. இந்த உறுப்புரையை ஒப்புவிக்காத அரசியல்வாதி இல்லை. ஆனால் 5ஆம் உறுப்புரையை எத்தனை பேர் அறிவர்? இலங்கைக் குடியரசின் ஆள்புலம், முதலாம் அட்டவணையில் பெயர் குறிக்கப்பட்டுள்ள 25 நிருவாக மாவட்டங்களையும் அதன் ஆள்புல நீர்ப்பரப்பையும் கொண்டதாகும் என அது கூறுகிறது. அந்த மாவட்டங்களைப் பிரித்தோ இணைத்தோ வேறு மாவட்டங்களை ஆக்குவதற்குப் பாராளுமன்றம் தீர்மானமொன்றின் மூலம் ஏற்பாடு செய்யலாம் என்ற காப்பு வாசகமும் இன்றுள்ள உறுப்புரையில் இருக்கிறது. அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நாட்டின் உறுப்புகளாக மாகாணங்கள் கூறப்படவில்லை. மக்கள் கூட்டங்கள் கூறப்படவில்லை. கச்சேரி நிருவாகத்துக்காக வகுக்கப்பட்ட மாவட்டங்களே கூறப்பட்டுள்ளன. அதிலும் அட்டவணையில் இருப்பவை வெறும் பெயர்கள். எந்த ஆறு, எந்தக் குளக்கட்டு, எந்த வீதி எல்லை என்பதை அரசியலமைப்பில் தேடினால் கிடைக்காது. அந்த விபரங்கள் 1955ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க நிருவாக மாவட்டங்கள் சட்டம் போன்ற சாதாரண சட்டங்களுக்குள்ளும் வர்த்தமானிகளுக்குள்ளும் கிடக்கின்றன.

மேலும், 83ஆம் உறுப்புரையானது சில ஏற்பாடுகளுக்கு விசேட பாதுகாப்பளிக்கிறது. அவற்றை மாற்றப் பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் சர்வசன வாக்கெடுப்பும் தேவை. 1, 2, 3ஆம் உறுப்புரைகளும் 6 முதல் 11 வரையான உறுப்புரைகளும் அந்தப் பாதுகாப்பைப் பெறுகின்றன. தேசியக் கொடி, தேசிய கீதம், தேசிய தினம் ஆகியவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. நாட்டின் நிலத்தை வரையறுக்கும் 5ஆம் உறுப்புரைக்கு இல்லை. கொடியின் நிறத்தை மாற்ற நாட்டு மக்கள் எல்லோரிடமும் கேட்க வேண்டும். ஒரு மாவட்டத்தை இரண்டாகப் பிளக்க அம்மாவட்ட மக்களிடம் கூடக் கேட்கத் தேவையில்லை, சபையில் கையுயர்த்தினால் போதும் என்பதே இதன் பொருள்.

மாவட்டம் என்பது வெறும் நிருவாக வசதிதானே, இதற்கு ஏன் இத்தனை ஆரவாரம் எனச் சிலர் கேட்கலாம். மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டக் கோட்டாவாகவும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்து படிக்கும் முல்லைத்தீவுப் பிள்ளை, கொழும்பின் வெட்டுப்புள்ளியோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. பாராளுமன்றப் பிரதிநிதித்துவமும் அவ்வாறே. மாவட்டங்களிலிருந்து தெரிவாகும் 196 உறுப்பினர்களுள் 36 பேர், மாகாணமொன்றுக்கு நால்வர் என்ற கணக்கில் வருகின்றனர். எஞ்சிய 160 பேர் வாக்காளர் தொகைக்கேற்பப் பகிரப்படுகின்றனர். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனங்கள் இருந்தன. 2015இல் 7 ஆகி, 2024இல் 6 ஆகக் குறைந்தது. கோட்டுக்கு உள்ளே எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்பதே ஆசனங்களைத் தீர்மானிக்கிறது.

நாம் பாலர் வகுப்பில் 22 மாவட்டங்களை ஒப்புவித்துப் பழகியவர்கள். உயர்தர வகுப்புக்கு வந்தபோது 25 ஆகிவிட்டிருந்தது. புவியியல் ஆசிரியர் சுவரிலிருந்த பழைய படத்தில் சிவப்பு மையால் புதிய கோடுகளை வரைந்து சமாளித்தார். 1978இல் கம்பஹாவும் முல்லைத்தீவும் சேர்ந்து 24 ஆனது. இருபத்தைந்தாவதான கிளிநொச்சி 7ஆம் திருத்தத்தின் மூலம் வந்தது. அத்திருத்தத்தின் திகதியை வாசகர்கள் கவனிக்க வேண்டும்: 1983 ஒக்டோபர் 4. ஜூலைக் கலவரம் முடிந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. பிரிவினையை ஆதரிப்பதில்லை எனச் சத்தியம் செய்யுமாறு கோரிய 6ஆம் திருத்தம் ஓகஸ்டில் நிறைவேறியிருந்தது. அந்தச் சத்தியத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் பாராளுமன்றத்துக்கு வெளியே நின்றனர். கிளிநொச்சி தனி மாவட்டமானது தவறென்பது நமது வாதமல்ல. ஒவ்வொரு கருமத்துக்கும் ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணக் கச்சேரிக்குச் சென்ற விவசாயிக்கு அது பெரும் உதவியாயிற்று. ஆனால் யாழ்ப்பாண மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அம்மாவட்ட மக்களின் பிரதிநிதிகள் சபையில் இருக்கவில்லை. அது ஒரு குறையாக எவருக்கும் படவுமில்லை.

அம்பாறையின் கதை இதிலும் பழையது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டமாயிற்று. கல்லோயாக் குடியேற்றத் திட்டம் அதற்கு முன்பே உட்பகுதியின் சனத்தொகையை மாற்றிவிட்டிருந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அம்மாவட்டத்தில் முஸ்லிம்களே ஆகப் பெரிய சமூகம். பத்துப் பேரில் நால்வருக்கு மேல் முஸ்லிம்கள். கச்சேரி இருப்பதோ உட்பகுதியிலுள்ள அம்பாறை நகரில். பொத்துவிலிலிருந்தும் கல்முனையிலிருந்தும் ஒரு காணி உறுதிக்காகவோ ஓய்வூதியத்துக்காகவோ அங்கு செல்பவர், தமக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட படிவத்தைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பிய கதைகள் அப்பிரதேசத்தில் வீட்டுக்கொன்று உண்டு. கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் ஆகிய தேர்தல் தொகுதிகளை உள்ளடக்கிய கரையோர மாவட்டம் வேண்டுமென்ற கோரிக்கை அங்கிருந்தே பிறந்தது. 5ஆம் உறுப்புரையின் காப்பு வாசகப்படி அதற்கு சர்வசன வாக்கெடுப்பு வேண்டாம். மூன்றில் இரண்டும் வேண்டாம். ஒரு தீர்மானம் போதும். எத்தனையோ அரசாங்கங்களில் முஸ்லிம் தலைவர்கள் அமைச்சர்களாக அமர்ந்திருந்தும் அந்தத் தீர்மானம் நிறைவேறவில்லை. அதைக் காட்டிலும் வெட்கத்துக்குரியது, அம்பாறைத் தமிழ் அரசியல்வாதிகளும் முஸ்லிம் அரசியல்வாதிகளும் ஒரே மேசையில் அமர்ந்து அதன் எல்லையை ஒருமுறையேனும் படத்தில் வரைந்து பார்க்காமையாகும்.

தீர்மானம் ஒன்று எவ்வளவு இலகுவானது என்பதற்குக் கொழும்பிலேயே கண்கண்ட சான்று உண்டு. காலிமுகத்திடலுக்கு அப்பால் கடலை நிரப்பி 269 ஹெக்டெயர் நிலம் உருவாக்கப்பட்டது. அதுவரை அது ஆள்புல நீர்ப்பரப்பு. மணல் கொட்டி முடிந்ததும் அது நிலமாயிற்று. ஆனால் முதலாம் அட்டவணையிலுள்ள எந்த மாவட்டத்துக்கும் உரியதாக இருக்கவில்லை. 2019இல் பாராளுமன்றம் அதனைக் கொழும்பு நிருவாக மாவட்டத்துடன் சேர்த்துக்கொண்டது. 2021இல் 11ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அதற்கெனத் தனியான பொருளாதார ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கடலில் எழுந்த புதுமண்ணுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்டமும், தனி நிருவாகமும், முதலீட்டுச் சலுகைகளும் கிடைத்தன. கல்முனைக்கு அத்தனை அதிர்ஷ்டம் இல்லை.

கல்முனை என்றதும் அங்குள்ள வடக்குப் பிரதேச செயலக விவகாரத்தைத் தவிர்த்துச் செல்ல முடியாது. உப செயலகமாக இயங்கும் அதனைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் தமிழர் தரப்பில் உண்ணாவிரதம் நடைபெற்றது. எல்லைகளைத் தீர்க்காமல் தரமுயர்த்தக் கூடாதென முஸ்லிம் தரப்பு மறுத்து நின்றது. அதே நகரின் இன்னொரு முனையில் சாய்ந்தமருது மக்கள் தமக்குத் தனியான உள்ளூராட்சி சபை கேட்டுப் போராடினர். 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருது நகர சபையை உருவாக்கும் வர்த்தமானி வெளிவந்தது. சில நாட்களுக்குள்ளேயே அது மீளப் பெறப்பட்டது. பட்டாசு கொளுத்தியவர்கள் அடுத்த வாரம் கறுப்புக்கொடி கட்ட நேர்ந்தது. ஒரு நகருக்குள் தமிழரும் முஸ்லிம்களும், ஏன் முஸ்லிம்களும் முஸ்லிம்களும் கூட, கோட்டுக்காக முட்டிக்கொள்கின்றனர். பேனா மட்டும் கொழும்பில் இருக்கிறது.

இனி மாகாணங்களுக்கு வருவோம். 1833இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசின்படி ஆங்கிலேயர் தீவை ஐந்து மாகாணங்களாக வகுத்தனர். நிருவாகத் தேவைக்கேற்ப அவை பிரிக்கப்பட்டு, 1889இல் சப்ரகமுவவுடன் ஒன்பது ஆயின. ஹெவ்லொக் டவுனுக்குத் தன் பெயரை விட்டுச்சென்ற ஆளுநர் சேர் ஆதர் ஹெவ்லொக் அதற்கடுத்த ஆண்டே பதவியேற்றார். ஒன்பது மாகாணங்களையும் முழுமையாகப் பொறுப்பேற்ற முதல் ஆளுநர் அவர் எனலாம். பின்னர் அவர் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராகச் சென்றார் என்பது வேறு கதை. நூறாண்டு வரை இந்த ஒன்பது மாகாணங்களும் வெறும் நிருவாகக் கோடுகளாகவே இருந்தன. 1987 ஜூலை 29 இந்திய - இலங்கை ஒப்பந்தமும், அதே ஆண்டு நவம்பரில் வந்த 13ஆம் திருத்தமும் அவற்றை அரசியல் அலகுகளாக்கின. 8ஆம் அட்டவணையில் ஒன்பது பெயர்கள் எழுதப்பட்டன. 5ஆம் உறுப்புரையை எவரும் தொடவில்லை. ஆகவே இன்றும் அரசியலமைப்பின்படி நாடு மாவட்டங்களால் ஆனது. அதிகாரம் பகிரப்படுவதோ மாகாணங்களுக்கு. தான் எதனால் ஆக்கப்பட்டது என்பதில் நமது அரசியலமைப்புக்கே இரண்டு மனம்.

13ஆம் திருத்தத்தின் 154அ உறுப்புரையின் மூன்றாம் பந்தி, அடுத்தடுத்துள்ள இரண்டு அல்லது மூன்று மாகாணங்களை ஒரே நிருவாக அலகாக்குவதற்குப் பாராளுமன்றம் சட்டமியற்றலாம் என்கிறது. 1988 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன வடக்கையும் கிழக்கையும் இணைத்துப் பிரகடனம் செய்தது இந்தப் பந்தியின் வழிவந்த மாகாண சபைகள் சட்டத்தின் கீழாகும். ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அச்சட்டம் விதித்த நிபந்தனை. அது நிறைவேறாத நிலையில், அவசரகால விதியொன்றினால் அந்த நிபந்தனையே தளர்த்தப்பட்டது. கிழக்கில் நடைபெறவிருந்த சர்வசன வாக்கெடுப்போ ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகளின் பின்னர், 2006 ஒக்டோபர் 16இல், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஐவர் கொண்ட அமர்வு அந்தப் பிரகடனங்கள் செல்லுபடியற்றவை எனத் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி 1 முதல் வடக்கும் கிழக்கும் தனித்தனியே இயங்குகின்றன.

இந்தத் தீர்ப்பைப் பலர் பிழையாக விளங்கிக்கொண்டுள்ளனர். இணைப்பே அரசியலமைப்புக்கு விரோதமானது என நீதிமன்றம் கூறவில்லை. இணைக்கப்பட்ட முறையே பிழையெனக் கூறியது. 154அ(3) இன்றும் இருக்கிறது. பாராளுமன்றம் விரும்பினால் நாளையே சட்டமியற்றலாம். விரும்புமா என்பது வேறு விடயம்.

இவ்விடத்தில் தமிழ் வாசகர்களிடமும் முஸ்லிம் வாசகர்களிடமும் நாம் சற்று மனந்திறந்து பேச வேண்டியிருக்கிறது. இந்திய - இலங்கை ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் தமிழ் பேசும் மக்களின் வரலாற்று ரீதியான வாழ்விடமாக ஏற்றுக்கொண்டது. தமிழர் அரசியலுக்கு அது பெரும் வெற்றி. ஆனால் 'தமிழ் பேசும் மக்கள்' என்ற சொற்றொடருக்குள் அடக்கப்பட்ட முஸ்லிம்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. 1981 குடிசன மதிப்பீட்டின்படி கிழக்கில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராக இருந்த முஸ்லிம்கள், இணைந்த மாகாணத்தில் ஐந்திலொரு பங்கிலும் குறைந்தவராயினர். ஒரே கையெழுத்தில் இது நிகழ்ந்தது. 1988 நவம்பரில் இணைந்த மாகாண சபைத் தேர்தலில் எம்.எச்.எம். அஷ்ரப் தலைமையிலான ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 17 ஆசனங்களைப் பெற்றமைக்கு அந்த அச்சமும் ஒரு காரணம். அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது, இணைப்பைப் பற்றி முஸ்லிம் மக்களிடம் பேசும் அருகதை எவருக்கும் இல்லாமற் போயிற்று. இதை ஏற்றுக்கொள்ளாமல் இணைப்பை மீண்டும் கோருவதில் பயனில்லை எனத் தமிழ்த் தலைமைகளுக்குக் கூறுவது நமது கடமை.

மறுபுறம், 2006 தீர்ப்பை வெற்றியாகக் கொண்டாடிய முஸ்லிம் அரசியல்வாதிகளுக்கும் ஒன்றைக் கூற வேண்டும். கிழக்கு தனித்து நின்றதனால் கிழக்கின் மண் பாதுகாக்கப்பட்டுவிட்டதா? தொல்லியல் என்றும் வனபரிபாலனம் என்றும் அளவைக் கற்கள் நடப்படும்போது, அந்தக் கல் தமிழரின் வயலில் விழுந்ததா, முஸ்லிமின் வயலில் விழுந்ததா என அது பார்ப்பதில்லை. எந்தச் சமூகத்துக்கும் அறுதிப் பெரும்பான்மையில்லாத மாகாணம் அது. அங்கு இரு சமூகங்கள் சேராமல் எதையும் காக்க முடியாது. வடக்கிலும் இதே படிப்பினை உண்டு: மணலாறு என அழைக்கப்பட்ட பிரதேசம் வெலிஓயாவாகி, இன்று முல்லைத்தீவு மாவட்டத்தின் ஆறு பிரதேச செயலகப் பிரிவுகளுள் ஒன்றாகப் பதிவாகியுள்ளது. எந்த மாகாணத்தின் பெயரும் அட்டவணையில் மாறவில்லை. உள்ளே இருந்தது மாறியது.

அயலில் என்ன நடக்கிறது என்பதையும் பார்ப்போம். இந்திய அரசியலமைப்பின் 1ஆம் உறுப்புரை இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. நம்மவர் பலர் அதைப் பொறாமையோடு மேற்கோள் காட்டுவர். ஆனால் 3ஆம் உறுப்புரை, மாநிலங்களைப் பிரிக்கவும் இணைக்கவும் பெயர் மாற்றவும் இந்தியப் பாராளுமன்றத்துக்குச் சாதாரண பெரும்பான்மையே போதுமென்கிறது. மாநில சட்டசபையின் கருத்தைக் கேட்க வேண்டும். கேட்டபடி நடக்க வேண்டியதில்லை. மொழிவழி மாநிலங்கள் பிறந்ததும், 1969இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனதும் பாராளுமன்றச் சட்டங்களினாலேயே. 2014 ஜனவரியில் ஆந்திர சட்டசபை நிராகரித்த பின்னரும் தெலுங்கானா பிறந்ததும் அதே அதிகாரத்தினாலாகும். 2019இல் ஜம்மு - காஷ்மீருக்கு நேர்ந்தது இன்னும் கடுமையானது. சட்டசபை கலைக்கப்பட்டு ஜனாதிபதி ஆட்சி நடந்த வேளையில், மாநிலத்தின் கருத்தையும் பாராளுமன்றமே கூறிக்கொண்டது. ஒரு மாநிலம் இரண்டு ஒன்றியப் பிரதேசங்களாயிற்று. 2023 டிசம்பரில் இந்திய உயர் நீதிமன்றம் அம்மாநிலத்தின் விசேட அந்தஸ்து நீக்கப்பட்டதையும் லடாக் பிரிக்கப்பட்டதையும் ஏற்றுக்கொண்டது. ஒன்றியம் என்ற சொல் தனியே எவரையும் காப்பாற்றாது என்பதைக் காஷ்மீர் மக்கள் அறிவர்.

இந்தியாவில் வெளிநாட்டுக்கு நிலம் கொடுப்பது மட்டும் கடினம். பெருபாரி விவகாரத்தில் 1960இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், அதற்கு அரசியலமைப்புத் திருத்தம் அவசியமென்றது. கச்சதீவு விடயத்தில் 2008இல் ஜெயலலிதா வழக்குத் தொடுத்ததும் அந்தத் தீர்ப்பை ஆதாரமாகக் கொண்டே. 1974இல் நிலம் எதுவும் கொடுக்கப்படவில்லை, தீராதிருந்த எல்லையே வரையப்பட்டது என்பது இந்திய மத்திய அரசின் நிலைப்பாடு. நமது பக்கத்தில் கச்சதீவு நெடுந்தீவுப் பிரதேச செயலகத்துக்குரியது, யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதி. எனவே முதலாம் அட்டவணைக்குள் அடக்கம்.

மலேசியாவின் உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. அந்நாட்டு அரசியலமைப்பின் 1ஆம் உறுப்புரை மாநிலங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. 1963இல் மலாயாவின் மாநிலங்கள் ஒரு தொகுதியாகவும், சபா, சரவாக் ஆகியவை வேறாகவும் எழுதப்பட்டிருந்தன. 1976இல் எல்லாம் ஒரே வரிசையில் சேர்க்கப்பட்டன. பெயர் நீக்கப்படவில்லை, எல்லை மாறவில்லை, வரிசை மாத்திரமே மாறிற்று. சம பங்காளிகளாகச் சேர்ந்த தம்மைப் பதின்மூன்றில் இருவராக்கிவிட்டார்கள் எனப் போர்னியோ மக்கள் நான்கு தசாப்தங்களுக்கு மேல் வாதாடினர். 2021 டிசம்பரில் அந்த உறுப்புரை மீண்டும் திருத்தப்பட்டது.

இலங்கையிலும் கருத்துக் கேட்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. மாகாண சபைகள் பற்றிய அத்தியாயத்தையோ 9ஆம் அட்டவணையையோ திருத்தும் சட்டமூலத்தை ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பி அபிப்பிராயம் பெற வேண்டும் என 154எ உறுப்புரை கூறுகிறது. 9ஆம் அட்டவணை அதிகாரங்களின் பட்டியல். மாகாணங்களின் பெயர்ப் பட்டியலான 8ஆம் அட்டவணை அங்கு குறிப்பிடப்படவில்லை. 5ஆம் உறுப்புரையின் கீழான மாவட்ட மாற்றத்துக்கும் இந்த வழிமுறை இல்லை. 2012இல் திவிநெகும சட்டமூலம் வந்தபோது வட மாகாண சபை தெரிவு செய்யப்பட்டிருக்கவில்லை. ஆளுநர் சம்மதம் தெரிவித்தார். சபையின் அபிப்பிராயத்தை ஆளுநர் கூற முடியாது என உயர் நீதிமன்றம் அப்போது தெளிவாகக் கூறியது. அது மதிப்பு மிக்க தீர்ப்பு. ஆனால் சபையே இல்லாத நாட்டில் அத்தீர்ப்பை எங்கே பயன்படுத்துவது?

மாகாண சபைத் தேர்தல் இறுதியாக நடைபெற்றது 2014இல் ஊவாவிலாகும். 2017இல் தேர்தல் முறை திருத்தப்பட்டது. புதிய தொகுதிகளை வகுக்க எல்லை நிர்ணயக் குழு நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை 2018 ஓகஸ்ட் 24இல் பாராளுமன்ற வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. சமர்ப்பித்த அரசாங்கமே எதிர்த்து வாக்களித்த விசித்திரம் அது. சிதறி வாழும் முஸ்லிம்களுக்கும் மலையகத் தமிழருக்கும் புதிய தொகுதிகள் பாதகமானவை என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் அறிக்கை வீழ்ந்த பின்னர் மாற்று வழி தேடப்படவில்லை. கோடு சரியில்லையெனக் கூறித் தேர்தலையே நிறுத்திவிட்டார்கள். ஒரு தசாப்தம் கடந்தும் அந்த வாக்குப்பெட்டிகள் திறக்கப்படவில்லை.

2000ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டமூலமும், அதற்கு முன் 1995இல் பிராந்தியங்களின் ஒன்றியம் எனத் துணிந்து எழுதிய யோசனைகளும் கைவிடப்பட்டன. 2017 செப்டெம்பரில் வெளியான வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை மிதமானது. 'ஏக்கிய ராஜ்ய' எனச் சிங்களத்திலும் 'ஒருமித்த நாடு' எனத் தமிழிலும் அது எழுதிய சொற்களுக்காகவே நாடு இரண்டு பட்டது. அதே அறிக்கை ஆள்புலத்தை மாவட்டங்களால் அன்றி மாகாணங்களால் வரையறுக்க முன்மொழிந்ததையும், ஆகாயப் பரப்பைச் சேர்த்ததையும், எந்த மாகாண சபையும் பிரிந்து செல்ல முயலக்கூடாது எனத் தடை விதித்ததையும் எவரும் பேசவில்லை. மாகாணங்களை நாட்டின் உறுப்புகளாக எழுதினால் நாடு பிளவுபடும் எனத் தெற்கில் அஞ்சுவோருக்கு, 2017 ஓகஸ்ட் 4இல் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை நினைவூட்டுகிறோம். இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு எதிரான அந்த வழக்கில், சமஷ்டி கோருவது பிரிவினை கோருவதாகாது என நீதிமன்றம் கூறியது. ஒரே நாட்டுக்குள் மாகாணம் என்ற பெயரை 8ஆம் அட்டவணையிலிருந்து 5ஆம் உறுப்புரைக்கு நகர்த்துவது அதனிலும் சிறிய விடயம்.

2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றது. மூன்றில் இரண்டு பெரும்பான்மை அதன் கையில் இருக்கிறது. 2015இல் தொடங்கிய அரசியலமைப்புப் பணியை நிறைவு செய்வதாக அது விஞ்ஞாபனத்தில் கூறியும் உள்ளது. அந்த மேசைக்குச் செல்லும் தமிழ்க் கட்சிகளும் முஸ்லிம் கட்சிகளும் தனித்தனிக் கோப்புகளோடு சென்று, ஒற்றையாட்சி என்ற சொல்லை நீக்குவதா வைத்திருப்பதா என்று மட்டும் வாதிட்டுத் திரும்பக்கூடாது. ஒரு மாவட்டத்தின் எல்லையை மாற்றுவதாயின் தெரிவு செய்யப்பட்ட மாகாண சபையின் சம்மதம் வேண்டும். வடக்கு, கிழக்கு இணைப்பாயினும் பிரிப்பாயினும் கிழக்கின் முஸ்லிம்களது உடன்பாடின்றி நடைபெறக் கூடாது. எந்த மாவட்டத்திலும் வசிக்கும் உரிமையை எவரும் அவசரகால விதியால் பறிக்க முடியாது. இவற்றை இருவரும் சேர்ந்து எழுத்தில் கேட்க முடியும். 14ஆம் உறுப்புரை இலங்கைக்குள் விரும்பிய இடத்தில் வசிக்கும் சுதந்திரத்தை 1978 முதலே ஒவ்வொரு பிரசைக்கும் அளித்துள்ளது. விடுதிகளிலிருந்து ஏற்றப்பட்டவர்களுக்கு ஒரு நாள் தாமதமாகத்தான் அது நினைவூட்டப்பட்டது.

அதற்கு முன்னோடியாகக் கரையோர மாவட்டத்தின் வரைபடத்தையும் கல்முனை வடக்கின் வரைபடத்தையும் ஒரே தாளில் வரைந்து காட்டட்டும். கல்முனையின் பள்ளிவாசல் நிருவாகிகளும் ஆலய அறங்காவலர்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துப் பழகியவர்கள். அவர்களை அழைத்து ஒரு நாள் முழுவதும் அமர வைப்பதற்குக் கொழும்பின் அனுமதி தேவையில்லை.